லைசென்ஸ் சாரின் வலது கண்

அவருடைய வலது புருவத்துக்கு மேல் ஒரு பிறை இருந்தது. தழும்புதான், ஆனால் கவராயத்தால் வரைந்ததுபோல் அத்தனை சுத்தமான பிறை. கேட்பவர் உள்ளூர்க்காரராக இருந்தால் "பழைய அடி" என்று முடித்துக்கொள்வார். வெளியூர்க்காரராக இருந்தால் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சிறுத்தை" என்பார். இன்னும் துருவினால், "அது பாஞ்சுது. நான் நகரல" என்பார்.

எதுவும் பாயவும் இல்லை, இவர் நகராமல் நிற்கவும் இல்லை. அந்தப் பிறை விழுந்தபோது நான் பத்தடி தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். அந்த வட்டாரத்தில் அன்று சிறுத்தை எதுவும் இல்லை. ஒரு காட்டுப்பன்றி இருந்தது. அதுவும் அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தது.

பெயரை எழுதப்போவதில்லை. அவருடைய பிள்ளைகள் நல்லவர்கள். அவர்களை இதில் இழுப்பானேன்? ஊரிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. துப்பாக்கி லைசென்ஸ் பேப்பர்கள் போய்ச் சேரும் மேஜையில் கிளார்க்காக இருந்தார். அதனால் லைசென்ஸ் சார். அறுபதுகளில் எங்கள் பக்கத்தில் துப்பாக்கி வைத்திருந்த ஒவ்வொரு மனிதரும் வருடம் ஒருமுறை அந்த மேஜை முன்னால் நின்றாக வேண்டும். நாற்பது ஏக்கர் மாந்தோப்பு வைத்திருப்பவர்கூட அங்கே வந்தால் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். இப்படிப் பத்து வருடம் எல்லோரும் கக்கத்தில் துண்டோடு நின்றால், எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தோன்றும்? துப்பாக்கியைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்று தோன்றும். அவருக்கும் தோன்றியது. துப்பாக்கியோடு நின்றிருந்தால் ஊர் பிழைத்திருக்கும். துப்பாக்கி மேல் மாட்டிக் குறி பார்க்கும் ஸ்கோப்பிலும் தான்தான் நிபுணர் என்று முடிவு செய்துவிட்டார்.

எனக்குத் தர்மபுரியில் மூக்குக்கண்ணாடிக் கடை. தகப்பனார் கடிகாரம் ரிப்பேர் செய்தார். நான் கண்ணாடிக்கு வந்தேன். ஸ்கோப் எங்கள் தொழில் அல்ல. ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு எஸ்டேட் வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறியபோது, அவர்களுடைய பழைய ஸ்கோப்புகள் கைமாறிக் கைமாறி எங்கள் பக்கத்துப் பெரிய மனிதர்களிடம் வந்து சேர்ந்தன. அதைத் துடைக்க, திறக்க, குலுங்குகிறதே என்று கேட்க, கண்ணாடி என்று பலகை போட்டிருந்த ஒரே கடைக்கு வந்தார்கள். முதல் இரண்டு ஸ்கோப்பைக் கெடுத்துத்தான் நான் வேலை கற்றேன். அந்த இரண்டு முதலாளிகளும் இப்போது உயிரோடு இல்லை என்பதால் இதைச் சொல்ல முடிகிறது.

பழைய ஸ்கோப் நல்லதா என்று பார்க்க, எடுத்த எடுப்பில் கண்ணை வைக்கக் கூடாது. குழலைக் கையில் உருட்டிப் பார்க்க வேண்டும். திருகாணித் தலை மழுங்கியிருந்தால் யாரோ அரிவாள்மனை முனையால் திறந்து பார்த்திருக்கிறார்கள். வளையம் கடித்த தடம் குழலில் ஆழமாக இருந்தால், சரியாக உட்காராததைப் பலவந்தமாக இறுக்கியிருக்கிறார்கள். முன்கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், உள்ளே பூஞ்சை பிடித்திருப்பது நூல் நூலாகத் தெரியும். கண்ணாடிகளை ஒட்டிய பிசின் பழுத்திருந்தால் ஓரத்தில் மஞ்சள் படரும். இதெல்லாம் தேறிய பிறகுதான் கண். அப்போதும் கையில் பிடித்துப் பார்க்கக் கூடாது. ஒரு கட்டையில் அசையாமல் வைத்து, உள்ளே தெரியும் குறுக்குக் கம்பியை எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியில் நிறுத்தி, மேல்குமிழைப் பத்துச் சொடுக்கு ஏற்றி, பக்கத்துக் குமிழைப் பத்துச் சொடுக்கு திருப்பி, அதே கணக்கில் திரும்பக் கொண்டுவர வேண்டும். கம்பி கிளம்பிய புள்ளிக்கே வந்து சேர்ந்தால் நல்ல சரக்கு. வராவிட்டால் ஜெர்மனியில் செய்திருந்தாலும் அது துப்பாக்கிக்கு ஆகாது.

லைசென்ஸ் சாருக்கு இவ்வளவு நேரம் ஆகாது. ஆபீஸ் விட்டதும் என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்காருவார். அவர் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். அந்த ஒரு மணி நேரம்தான் ஸ்கோப்புகளுக்குத் தீர்ப்பு நேரம். எவனாவது துணிப்பையோடு படியேறினால் கையை நீட்டுவார். ஸ்கோப் கைக்கு வந்ததும் அதைப் பார்க்க மாட்டார். "யார்து இது?" என்பார்.

பதில் வந்த பிறகுதான் சடங்கு தொடங்கும். காதருகில் வைத்துத் தேங்காய்போல ஆட்டுவார். முகர்ந்து பார்ப்பார். முன்கண்ணாடியில் ஊதி, வேட்டி முனையால் அழுத்தித் துடைப்பார். அந்த வேட்டி முனையில் பஸ் ஸ்டாண்டுப் புழுதி முழுவதும் இருக்கும். ஒவ்வொரு துடைப்புக்கும் என் பல் கூசும். பிறகு இடது கண்ணை இறுக மூடி, வலது கண்ணை ஸ்கோப்பில் அழுத்தி, எதிர்த்த சோடாக் கடைப் பக்கம் திருப்பி, மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார். ஒரு நிமிடம். தெருவே அமைதியாகும். "ம்" என்பார்.

அரிசி மில் முதலாளி ஒருவர் இருந்தார். ஏரியூர் பக்கத்தில் கடலைக் காடும் உண்டு. அவர் ஒரு நாள் பட்டுத்துணியில் சுற்றி ஒரு ஸ்கோப் கொண்டுவந்தார். வாங்கலாமா என்று கேட்க எடுத்து வந்திருந்தார். வாங்குவதற்கு முன்பே 'யார்து' என்ற கேள்விக்குப் பதில் கடை வாசலில் ஜீப்பாக நின்றுகொண்டிருந்தது. லைசென்ஸ் சார் ஆட்டினார், முகர்ந்தார், ஊதினார், பார்த்தார்.

"ஒரிஜினல் ஜெர்மன்" என்றார். "விட்டுடாதீங்க."

நானும் வாங்கிப் பார்த்தேன். திருகாணி நான்கில் மூன்று மழுங்கியிருந்தது. உள்ளே பூஞ்சை ஜரிகை நெய்திருந்தது. கம்பி நடுவில் இல்லாமல் ஒரு மூலையில் கோபித்துக்கொண்டு நின்றது. மில் முதலாளி என் முகத்தைப் பார்த்தார். லைசென்ஸ் சாரும் பார்த்தார். "சார் சொன்னா சரியா இருக்கும்ங்க" என்றேன். என் கடைக்கு வரும் ஜீப்புகளில் பாதி அவர் கைகாட்டி வந்தவை. வேறு காரணம் இல்லை. இருந்தது என்று இப்போது கதை கட்டினால் அது நியாயம் இல்லை.

அந்த ஸ்கோப்தான் பிறை போட்டது.

கடலைக் காட்டில் பன்றி இறங்குகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார் மில் முதலாளி. ஸ்கோப்பை மாட்டியவன் நான் என்பதால் என்னையும் ஏற்றிக்கொண்டார். ஆட்கள் ஓடைப் பக்கமிருந்து தகரம் தட்டிக்கொண்டு வந்தார்கள். முதல் குண்டு லைசென்ஸ் சாருக்கு என்று மில் முதலாளி துப்பாக்கியை அவர் கையில் வைத்தார். மரியாதைக்குச் செய்தது. அவர் மறுத்திருக்கலாம். "எனக்கென்னய்யா" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். ஆனால் கை அதற்குள் வாங்கிவிட்டது.

ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் நடுவே மூன்று விரற்கடை இடைவெளி வேண்டும். துப்பாக்கி உதைக்கும் என்று சொன்னேன். "பாய், நான் சேலம் பக்கத்துல நாலு தாலுகா துப்பாக்கிய பாத்தவன்" என்றார். பார்த்தவர்தான். பேப்பரில். கடையில் வைப்பதுபோலவே கண்ணை அழுத்தி வைத்தார்.

பன்றி செடிகளைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. இடது பக்கம் ஓடியது. துப்பாக்கி வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. வெடித்தது. சத்தம் அடங்கியபோது பன்றி வரப்புக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. லைசென்ஸ் சார் மல்லாந்து கிடந்தார், புருவத்திலிருந்து ரத்தம் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கிணற்றடியில் இருந்த டீசல் என்ஜினிலிருந்து எண்ணெய் குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது.

நான் கைக்குட்டையை அவர் நெற்றியில் அழுத்தினேன். அவர் ஒரு கண்ணால் கிணற்றுப் பக்கம் பார்த்தார்.

"என்ஜின அங்க யாருய்யா வெக்கச் சொன்னது?"

மில் முதலாளியின் லைசென்ஸ் அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியது. "ஆமாங்க சார்" என்றார் அவர். "நான்தான் தப்பான எடத்துல வெச்சுட்டேன்."

தகரம் தட்டிய ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அவனை மட்டும் மில் முதலாளி திட்டினார். அந்த வாரம் முழுவதும் தண்ணீர் பாயாமல் கடலைச் செடி வாடி நின்றது. ஸ்கோப்பைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்று மாதம் கழித்து மில் முதலாளி அந்த ஸ்கோப்பைச் சத்தமில்லாமல் தன் டிரைவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். டிரைவர் அதை விற்க நினைத்து என் கடைக்கு வந்தான். வந்தது சாயங்காலம். பெஞ்சிலிருந்து கை நீண்டது.

"யார்து?"

"நம்மள்துதாங்க சார்."

லைசென்ஸ் சார் அவனுடைய காக்கிச் சட்டையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். ஆட்டினார், முகர்ந்தார், வலது கண்ணை வைத்தார். தன் நெற்றியைப் பிளந்த பொருளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"பஜார் டப்பா" என்றார். "எவன் தலையில கட்டுனான் இத?"

"மொதலாளி குடுத்ததுங்க சார். நீங்க ஜெர்மன்னு சொன்னீங்களே, அதேதாங்க."

நான் இருமிக்கொண்டு திரும்பிக்கொண்டேன். லைசென்ஸ் சார் கொஞ்சமும் கலங்கவில்லை. ஸ்கோப்பை அவனிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப ஜெர்மன்தான். அவரு கையில இருந்துச்சு. இப்ப உன் கையில இருக்குது. சரக்குக்கு ஏதுடா மதிப்பு, கைக்குத்தான் மதிப்பு."

டிரைவர் போன பிறகு இதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். பிறகு யோசித்தேன். அந்த மனிதர் தன் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதைத்தான் வெட்கமில்லாமல் ஒரு காக்கிச் சட்டைக்காரன் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

அடிபட்ட கண்ணில் நீர் வடிகிறது என்று சில வாரம் கழித்து என்னிடம் காட்ட வந்தார். எழுத்து அட்டைக்கு முன்னால் உட்காரவைத்தேன். இடது கண் பிரமாதம். கடைசி வரிசை வரை படித்தார். இடது கண்ணை மூடிவிட்டு வலது கண்ணால் படிக்கச் சொன்னேன். கழுத்தை முன்னால் நீட்டினார்.

"மேல இருக்கற பெரிய எழுத்துங்க சார்."

"எந்தப் பக்கம் பாய் அட்டை?"

விரலை மூக்குக்கு நேராக ஆட்டினேன். விரல் இருப்பது தெரிந்தது, எத்தனை விரல் என்பது தெரியவில்லை. அடியால் வந்தது இல்லை. பிறவியிலிருந்தே அந்தக் கண் சோம்பேறி. சில பேருக்கு அப்படி உண்டு; ஒரு கண் மட்டும் வேலை செய்யும், இன்னொன்று ஒப்புக்கு உட்கார்ந்திருக்கும், ஆபீஸில் போல.

"சின்ன வயசுலருந்தே அது அப்பிடித்தான் பாய்" என்றார் சாதாரணமாக. "அது பாட்டுக்கு இருக்குது."

விரலை இறக்கினேன். "அப்ப ஸ்கோப்ப ஏங்க சார் இந்தக் கண்ணுல பாக்கறீங்க?"

"எல்லாரும் அந்தக் கண்ணுலதான பாக்கறாங்க. இடது கண்ணுல வெச்சா பாக்கறவன் என்னா நெனப்பான்?"

"என்ன தெரியும்ங்க அதுல?"

கொஞ்சம் யோசித்தார். "வெளிச்சமா இருக்கும்" என்றார். "போதாதா?"

பிறகு எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "இது நமக்குள்ள இருக்கட்டும் பாய்" என்றார். குரலில் அப்போது மட்டும் ஒரு பயம் இருந்தது. அந்த ஒரு நொடி எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் தப்பில்லை. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு அடுத்த வருடம் நான் செய்ததுதான் தப்பு.

மாரண்டஹள்ளிப் பக்கத்துக் காட்டோர ஊரிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். நாற்பது வயதிருக்கும். பேச்சில் கன்னட வாடை இருந்தது. அவருடைய புருஷன் ஒரு எஸ்டேட் வெள்ளைக்காரருக்குக் காட்டில் தடம் பார்த்துக் கொடுத்தவர். வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது, துப்பாக்கி கொடுத்தால் லைசென்ஸ் வேண்டும், இதற்கு வேண்டாம் என்று ஸ்கோப்பை மட்டும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். மகளுக்குச் சேலத்தில் டீச்சர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. பத்து நாளுக்குள் சேர்த்தாக வேண்டும். மில் முதலாளி புது ஸ்கோப் தேடுகிறார் என்று யாரோ சொல்ல, அவரைச் சாயங்காலம் என் கடைக்கு வரச் சொல்லி ஏற்பாடு செய்துகொண்டு, அந்த அம்மாள் காலை முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார்.

"தொடச்சு மட்டும் குடுங்க பாய். மிச்சம் எல்லாம் அது தானா பேசும்."

பேசியது. திருகாணி ஒன்றுகூட அலுங்கவில்லை. குழலில் ஒரு கீறல் இல்லை. கண்ணாடியில் நீலப் பூச்சு, புறாக் கழுத்துபோல மின்னியது. கட்டையில் வைத்துப் பத்துச் சொடுக்கு ஏற்றி இறக்கினேன். கம்பி தன் புள்ளிக்கே வந்து நின்றது. திரும்பச் செய்தேன், இருபது சொடுக்கு. மறுபடியும் அதே புள்ளி. என் கடைக்கு வந்த அத்தனை ஸ்கோப்பிலும் அதுதான் முதல் தரம். அதை அப்படியே அவரிடம் சொன்னேன். "இந்த மாதிரி ஒண்ண நான் பாத்ததே இல்லீங்கம்மா" என்றேன். அந்த அம்மாள் சிரித்தார்.

"எங்க வூட்டுக்காரரு போனதுக்கு அப்பறம் இத வெச்சுத்தான் ஆடு பாக்கறேன். மலைமேல ஆடு நின்னா அது மெல்றது தெரியும்."

சாயங்காலம் லைசென்ஸ் சார் பெஞ்சில் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் மில் முதலாளியின் ஜீப் வந்தது. ஸ்கோப் பெஞ்சுக்குப் போனது.

"யார்து?"

அந்த அம்மாள் சொன்னார். தடம் பார்த்தவர், இறந்துவிட்டார், மகள், சேலம், எல்லாம். சொல்லச் சொல்ல லைசென்ஸ் சாரின் முகத்தில் ஸ்கோப்பின் தரம் இறங்கிக்கொண்டே வந்தது. ஆட்டினார். முகர்ந்தார். புழுதி வேட்டியால் அந்த நீலப் பூச்சைத் தேய்த்தார். வலது கண்ணை வைத்தார்.

"குப்பை" என்றார்.

அந்த அம்மாள் பதறவில்லை. "சாமி, மறுக்கா ஒருக்கா பாருங்க. அதோ அந்தத் தண்ணித் தொட்டி மேல என்னா இருக்குதுன்னு சொல்லுங்க, போதும்."

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உயரமான தண்ணீர்த்தொட்டி. இரண்டு நாளாக அதற்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். தலையில் சிவப்புத் துண்டு கட்டிய ஒருவன் விளிம்பில் குந்தியிருந்தான். வெறுங்கண்ணுக்கே தெரிந்தான். லைசென்ஸ் சார் அவருடைய நல்ல இடது கண்ணை ஒரு நொடி திறந்திருந்தால் போதும். திறக்கவில்லை. இறுக மூடிக்கொண்டு, ஸ்கோப்பைத் தொட்டிப் பக்கம் திருப்பி, மூச்சை அடக்கினார்.

"கழுகு" என்றார்.

மில் முதலாளி தொட்டியைப் பார்த்தார், பிறகு சாரைப் பார்த்தார்.

"பெரிய கழுகு" என்றார், இன்னும் கொஞ்சம் உறுதியாக.

அந்த நேரம் பார்த்துக் கழுகு பீடி பற்றவைத்தது.

சோடாக் கடையில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஸ்கோப்பை வாங்கி மில் முதலாளியிடம் நீட்டினார். அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சிவப்புத் துண்டின் கோடுகளையும் அவர் எண்ணியிருக்க முடியும் என்று எனக்குத் தெரியும். அவர் தாடை அசைந்தது. பிறகு ஸ்கோப்பைக் கீழே இறக்கினார்.

"சார் சொல்றது சரிதான். ஆளு கழுகு மாதிரித்தான் தெரியறான். கண்ணாடி சரியில்ல."

இப்படியும் ஒரு வழி இருக்கிறது என்று அன்றுதான் கண்டேன். ஒரு கிளார்க்கின் குருட்டுத்தனத்தைத் தூக்கி ஒரு நல்ல கண்ணாடிக்குள் போட்டுவிட்டு, நிமிர்ந்து நிற்கலாம். லைசென்ஸ் சாருக்கு மூச்சு வந்தது. என் பக்கம் திரும்பினார்.

"பாய், நீ சொல்லு. நீதான கண்ணாடிக்காரன்."

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். காலையில் சொன்ன அதே வாக்கியம். அது நாக்கு வரை வந்தது. லைசென்ஸ் சார் என்னைப் பார்த்தார், மில் முதலாளி என்னைப் பார்த்தார். 'நமக்குள்ள இருக்கட்டும்' என்று ஒரு மனிதர் கேட்டுக்கொண்டதை நான் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எத்தனை பெரிய மனசு எனக்கு.

"பழசுதாங்க" என்றேன். "பாத்துத்தான் வாங்கணும்."

அந்த அம்மாள் என்னை நேராகப் பார்த்தார். "காலையில ஒரு பேச்சு, சாயங்காலம் ஒரு பேச்சா பாய்?"

நான் கவுண்டரைத் துடைக்க ஆரம்பித்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அந்த அம்மாள் ஸ்கோப்பைப் புடவைத் தலைப்பால் ஒருமுறை மெதுவாக ஒற்றி, பையில் போட்டுக்கொண்டு, படியிறங்கிப் போனார். "திமிரு" என்றார் லைசென்ஸ் சார். மில் முதலாளி ஆமாம் என்றார். நானும் தலையை ஆட்டியிருக்கலாம்; நினைவில்லை என்று எழுதத்தான் ஆசை.

நான்கு நாள் பொறுத்து மாரண்டஹள்ளிக்குப் பஸ் ஏறினேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. விசாரித்துப் போனால் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"அதுவும் பொண்ணும் முந்தாநாளே ஓசூரு பஸ்ஸு ஏறிடுச்சுங்க. பெங்களூருக்கு. தர்மபுரியில எல்லாருக்கும் கண்ணு அவிஞ்சு போச்சு, கண்ணு இருக்கற ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போச்சு. நீங்க யாருங்க?"

"வழிப்போக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எழுபதுகளில் வேட்டைக்குத் தடை வந்தது. மான் பிழைத்தது, பன்றி பிழைத்தது, ஏரியூர்ப் பக்கம் டீசல் என்ஜின்களும் பிழைத்தன. ஸ்கோப்புகள் பரணுக்கு ஏறின. லைசென்ஸ் சார் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற மறுவாரம் மில் முதலாளியின் ஜீப் என் கடை வாசலில் நின்றது. முதலாளி படியேறி வந்து, பெஞ்சில் இருந்தவரைத் தாண்டி என்னிடம் நேராக வந்து, படிக்கிற கண்ணாடியைப் பற்றிப் பேசிவிட்டு, திரும்பும்போதுதான் பார்த்ததுபோல், "அட, நீங்களா?" என்றார். "சார்" என்ற வார்த்தையை ஜீப்பிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

ஆனாலும் லைசென்ஸ் சார் தினமும் வந்தார். ஸ்கோப் இல்லாததால் மூக்குக்கண்ணாடி பிரேம்களுக்குத் தீர்ப்பு சொல்ல ஆரம்பித்தார். வாடிக்கையாளர்களின் சட்டையைப் பார்த்து, "இது உனக்கு எடுக்காது", "இது உங்களுக்குன்னே செஞ்சது" என்பார். சிலர் கேட்டார்கள். பெரும்பாலோர் இவர் யார் என்று கண்ணால் என்னைக் கேட்டார்கள். நான் பதில் சொல்ல மாட்டேன். பிறகு பகலிலேயே பெஞ்சில் தூங்க ஆரம்பித்தார், வாயைத் திறந்துகொண்டு.

அப்படி அவர் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் ஓர் இளம்பெண் வந்தாள். பாலக்கோட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கரும்பலகை எழுத்து கலங்கலாகத் தெரிகிறது என்றாள். அட்டை முன்னால் உட்காரவைத்து, கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டு, பவர் குறித்தேன். ரசீதில் எழுத ஊர் கேட்டேன். சொன்னாள். மாரண்டஹள்ளிப் பக்கத்து அதே காட்டோர ஊர். என் பேனா நின்றது.

"அம்மா நல்லாருக்காங்களா?" என்றேன்.

"நல்லாருக்குதுங்க." நான் யார் என்று தெரிந்துதான் வந்திருக்கிறாள் என்று அவள் சிரிப்பில் தெரிந்தது.

"அந்த ஸ்கோப்பு..."

"பெங்களூர்ல ஒரு துப்பாக்கிக் கடைக்காரரு வாங்கிக்கிட்டாருங்க. ஜன்னல் ஓரமா ஒரு கட்டையில வெச்சு ஒரு மணி நேரம் பாத்தாரு. அவ்வளவு நேரமும் யார்து, எங்கருந்து வர்றீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. அம்மா அதத்தான் இன்னும் சொல்லிட்டே இருக்கும்." கொஞ்சம் தயங்கினாள். "கடைசி நாளு சேலத்துல போய் சேந்தேன்."

அல்லாவுக்கு நன்றி என்று மனசுக்குள் சொன்னேன். வெளியே சொல்ல யோக்கியதை இல்லை. பிரேம் தட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். இருந்ததிலேயே நல்ல ஒன்றை எடுத்து நீட்டினேன்.

"இது உங்களுக்கு நல்லா இருக்கும்மா."

அவள் அதை வாங்கவில்லை. மரியாதையாகத்தான் சொன்னாள்.

"தப்பா நெனக்காதீங்க. அம்மா சொல்லி அனுப்புச்சு. அந்த பாய் கடைக்கே போ, பவரு தப்பாம போடுவாரு, கெட்டிக்காரரு. ஆனா எது நல்லா இருக்குதுன்னு மட்டும் அவர கேக்காத, பெஞ்சுல யாரு ஒக்காந்திருக்காங்கன்னு பாத்துட்டுத்தான் சொல்லுவாருன்னுச்சு."

நான் தட்டை அவள் பக்கம் தள்ளினேன். அவளே ஒவ்வொன்றாக எடுத்து, மடக்கி விரித்து, ஆணியை நகத்தால் சோதித்து, ஒரு கறுப்பு பிரேமைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு வாரம் கழித்து வந்து வாங்கிப் போட்டுக்கொண்டாள். சரியாக இருக்கிறதா என்று நான் கேட்கத்தான் வாயெடுத்தேன். அவள் பெஞ்சில் தூங்குகிறவரைச் சுற்றிக்கொண்டு வாசலில் இறங்கி நின்று, எதிர்க்கடைப் பலகைகளை வலமிருந்து இடமாக ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, தனக்குத் தானே தலையை ஆட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.